நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றுவது நம் முன்னோர் மரபு. இவற்றுள் நாடகத்தமிழுக்கு நேர்ந்த கேடு பெரிது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் காலத்திலேயே நாடக நூல்கள் பல இறந்துபட்டன என்பதை அவர் உரையாலேயே அறிகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்குறையைத் தீர்க்கத் தலைப்பட்டோருள் இருவர் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். ஒருவர், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை. அவர் 1891-ஆம் ஆண்டில் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அது செய்யுளால் இயன்றது. ஆடுவதினும் படித்து இன்புறுதற்கே மிகுதியும் உரியது. மற்றொருவர், அதே 1891-ஆம் ஆண்டில் சென்னை நகரில் நண்பர் சிலரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாடக சபையைத் தோற்றுவித்த பதினெட்டு வயது இளைஞர். முன்னவர் நூலை வகுப்பில் வரிவரியாகக் கற்கின்றோம். பின்னவர் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியும், அவற்றுள் ஒன்றேனும் எம் கைக்குப் பாடமாக வந்ததில்லை. ஆயினும் அவர் படைத்த இளவரசன் ஒருவனைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். திரையில் அவனைக் கண்டவர் பல இலட்சம் பேர். அவனைப் பெற்ற தந்தையின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

பம்மல் என்பது சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தை அடுத்துள்ள ஊர். அதனைப் பூர்வீகமாகக் கொண்ட குடியில், விசயரங்க முதலியாருக்கும் மாணிக்கவேலு அம்மையாருக்கும் மகனாக 1873-ஆம் ஆண்டில் சம்பந்தம் பிறந்தார். தந்தையார் கல்வித்துறையில் அலுவல் பார்த்தவர். தமிழ் நூல்களை அச்சிட்டு வெளிப்படுத்துவதிலும் ஈடுபட்டவர். ஆகவே புத்தகங்களின் நடுவே வளரும் பேறு மைந்தருக்கு வாய்த்தது. மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றுப் பின்னர்ச் சட்டமும் கற்று அவர் வழக்கறிஞர் ஆயினார்.

இளமையில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு. இது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்து நிலையை நோக்கின் வியப்புக்கு இடமில்லை. நாடகமாடுவோரைக் கூத்தாடிகள் என்று இழித்துப் பேசுவது நகரத்தார் வழக்கமாயிருந்தது. நற்குடியிற் பிறந்தோர் மேடையேறுவதை ஒருவரும் ஒப்பார். இரவு தொடங்கும் ஆட்டம் விடியுமளவும் நீளும். கதை ஒரு பக்கம் நிற்க, நடிகர் தத்தம் குரல்வன்மையைக் காட்டுவதற்குப் பாட்டின்மேற் பாட்டாகப் பாடுவர். அவையோர் மீண்டும் பாடுமாறு கூவினால், இறந்து கிடக்கும் பாத்திரமும் எழுந்துநின்று பாடிவிட்டு மறுபடியும் இறக்கும் என்று அந்நாளைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆங்கில நாடகங்களைப் படித்தும் கண்டும் சுவைத்த மாணவர் ஒருவர்க்கு இவை உவப்பளிக்கவில்லை.

அவர் மனத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகம். பல்லாரியில் வழக்கறிஞராயிருந்த தர்மவரம் இராமகிருஷ்ணமாசார்யுலு என்பார் சரச வினோதினி சபை என்னும் குழுவுடன் 1891-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து நாடகங்கள் நடத்தினார். கற்றோரும் அலுவலில் இருப்போரும் வேடம் தாங்கி, இழிவென்று எண்ணாமல், கலையென்று கருதி நடித்ததைச் சம்பந்தம் கண்டார். தெலுங்கில் இயல்வது தமிழில் ஏன் இயலாது என்னும் எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. அதே ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் சுகுண விலாச சபை தோன்றிற்று. சபையைத் தொடங்கிய பின்னரே ஓர் உண்மை புலப்பட்டது: நடிக்கத் தக்க தமிழ் நாடகம் கையில் இல்லை. ஆகவே தாமே எழுத வேண்டியவர் ஆயினார். புஷ்பவல்லி என்னும் நாடகம் அவ்வாறு பிறந்தது. வேறு யாரேனும் நல்ல நாடகம் எழுதித் தந்திருப்பின் இவர் நடிகராக மட்டுமே நின்றிருப்பாரோ என்று யான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

அவர் எழுதிய நாடகங்களின் தனிச்சிறப்பு யாது? அவை உரைநடையில் அமைந்தவை. இன்று இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அக்காலத்தில் பாட்டில்லாத நாடகம் உப்பில்லாத உணவாகவே எண்ணப்பட்டது. அதே காலத்தில் வாழ்ந்து தென்னாட்டு மேடையை ஆண்டவர் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அப்பெரியார் பாட்டாலேயே நாடகத்தை நடத்தினார். அவர் நாடகங்களில் ஆடவரும் பெண்டிரும் வழக்காடுவதும் பாட்டாலேயே. அவரைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. மேடைத்தமிழை நாட்டு மக்களிடம் உயிரோடு காத்தவர் அவரே. முதலியார் சென்ற வழி வேறு. மாந்தர் சினங்கொண்டால் பேசுவர், பாடமாட்டார். ஆகவே மேடையிலும் பேச வேண்டும் என்பது அவர் துணிவு. அவர் சபையிலும் பாட்டு இல்லாமற் போகவில்லை. ஆனால் கதையைச் சுமந்து சென்றது பேச்சு. குறித்த நேரத்தில் தொடங்குவதும், கதை முடிந்தவுடன் திரையை விடுவதும் அவர் வற்புறுத்திய ஒழுங்குகள்.

முதலில் நற்பெயர் ஈட்டிக் கொடுத்தது லீலாவதி-சுலோசனா. உடன்பிறந்த இருவருள் மூத்தவள் இளையவள்மேற் கொண்ட பொறாமையே அதன் கரு. அதனைத் தொடர்ந்து 1895-ஆம் ஆண்டில், சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில், மனோகரன் மேடையேறிற்று. ஆசிரியர்க்கு அப்போது வயது இருபத்திரண்டு. மனோகரனாக நடித்தவரும் அவரே.

அக்கதையைச் சிறிது விரிவாகக் கூறாமல் மேலே செல்ல இயலாது. சோழ மன்னன் புருஷோத்தமன் தன் பட்டத்து அரசியாகிய பத்மாவதியைத் துறந்து, வசந்தசேனை என்னும் கணிகையின் வலையில் வீழ்ந்து கிடக்கின்றான். பத்மாவதியின் மகன் மனோகரன் பெருவீரன். தாய்க்கு நேர்ந்த அவமதிப்பைக் கண்டு அவன் உள்ளம் கொதிக்கின்றது. ஆனால் தந்தைமேல் கை வைப்பதில்லை என்று தாயே அவனிடம் வாக்குறுதி வாங்கியிருக்கின்றாள். வசந்தசேனையின் சூழ்ச்சியால் அவன் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு அரசவைக்குக் கொண்டுவரப்படுகின்றான். அங்கே தன் தாயின் கற்பையே பழிக்கும் சொல் அவன் செவியில் விழுகின்றது. சங்கிலி தெறிக்கின்றது, வாள் கைக்கு வருகின்றது, அரியணையை நோக்கிப் பாய்கின்றான். அந்நேரத்தில் பத்மாவதி குறுக்கே வந்து நிற்கின்றாள். பழி சுமத்தப்பட்டவளே பழி சுமத்தியவனைக் காக்கின்றாள். மகன் வாளைத் தாழ்த்துகின்றான்.

ஹாம்லெத் நாடகத்தைக் கற்றவர்க்கு இதில் பழகிய சாயல்கள் சில தெரியும்: வீழ்ந்த மன்னன், அவனுக்கு வாய்த்த தகாத துணை, செயலுக்கும் தயக்கத்துக்கும் நடுவே நிற்கும் மைந்தன். ஆனால் டென்மார்க்கு இளவரசனைத் தடுப்பது அவன் உள்ளத்து ஐயமே. மனோகரனைத் தடுப்பது தாய்க்குக் கொடுத்த சொல். இதனைத்தான் முதலியாரின் தமிழ் உள்ளம் என்று யான் கொள்கின்றேன். அயல்நாட்டுக் கதையின் எலும்பை எடுத்துக்கொண்டு நம் நாட்டுக் குருதியை அதில் ஓடச் செய்திருக்கின்றார்.

சங்கிலியறுக்கும் அக்காட்சி நாடெங்கும் பரவிற்று. சுகுண விலாச சபையில் வழக்கறிஞரும் அலுவலரும் நடித்த நாடகத்தைத் தொழில்முறைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. குறிப்பாகச் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பாலர் கம்பெனிகளில் மனோகரன் வேடம் கிடைப்பது ஒரு பட்டம் பெறுவது போலக் கருதப்பட்டது. தி. க. சண்முகம் அவ்வேடத்திற் பெயர் பெற்றார். முதலியாரே அவர்கள் கம்பெனிக்குச் சென்று சிறுவர்களுக்குப் பேசவும் நடக்கவும் கற்பித்தார். ஒரு வழக்கறிஞர் கூத்தாடிச் சிறுவர்கள் என்று ஊரார் இகழ்ந்தவர்களோடு தரையில் நின்று பாடம் சொல்லிக் கொடுத்தது அந்நாளிற் சிறிய செய்தியன்று. அதே நேரத்தில் வழக்கறிஞர் என்பதையும் அவர் மறக்கவில்லை. ஆசிரியனுடைய இசைவின்றி அவன் நாடகத்தை ஆடலாகாது என்பதில் உறுதியாயிருந்தார். நாடகமும் ஒருவனுடைய உழைப்பு, அதற்கும் உரிமையாளன் உண்டு என்னும் எண்ணத்தைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவருள் அவர் முதல்வர்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் அவர் தமிழாக்கினார். ஹாம்லெத் 1908-இல் அமலாதித்யன் ஆயிற்று. மாக்பெத் மகபதி ஆயிற்று. வெனிசு வணிகன் வாணீபுரத்து வணிகன் ஆனான். சிம்பலின் சிம்மளநாதன் ஆனான். பெயர்களின் ஒலியை ஒட்டியே தமிழ்ப் பெயர்களைப் பொருத்தியிருக்கும் விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஒபீலியாவை அபலை என்று அழைத்ததில் ஒலியும் பொருளும் ஒருங்கே அமைந்துவிட்டன. இவையன்றிப் புராணக் கதைகள், வடமொழியிலிருந்து வந்தவை, துன்பியல் முடிவுடைய கள்வர் தலைவன் போன்றவை, நகைச்சுவை நாடகங்கள் எனப் பலவும் எழுதினார். அவற்றையெல்லாம் ஈண்டு அடுக்கிப் பயனில்லை.

சுகுண விலாச சபை அந்நாளில் சென்னைப் பெருமக்கள் கூடும் இடமாயிற்று. சர் சி. பி. இராமசாமி ஐயர் அதில் உறுப்பினர். தீரர் சத்தியமூர்த்தி மனோகரனாக வேடம் தாங்கியவர். பெண்டிர் மேடையேறாத காலமாதலால் பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்றனர். அவருள் தலைசிறந்தவர் ரங்கவடிவேலு. முதலியார் கதாநாயகனாக நடிக்கும்போது எதிரே நாயகியாக நிற்பவர் பெரும்பாலும் அவரே. மேடையில் இணைபிரியாதிருந்த அந்நண்பர் முதலியாருக்கு முன்னரே மறைந்தபோது அவர் அடைந்த துயரம் ஆழமானது. தம் நினைவுகளை எழுதப் புகுந்தபோதும் அந்நண்பரை மீண்டும் மீண்டும் குறிப்பிடாமல் அவரால் இருக்க முடியவில்லை. சபையார் 1911-இல் இலங்கைக்கும் சென்று கொழும்பில் நடித்தனர். யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரையே தம் ஆசானாகக் கொண்டு அந்நாட்டில் நாடகத்தை வளர்த்தார்.

அரசாங்கம் 1916-இல் ராவ் பகதூர் பட்டம் அளித்தது. 1924-இல் சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். கூத்தாடி என்னும் சொல்லை வசைச்சொல்லாக வழங்கிய நகரில், மேடையில் முகத்துக்கு வண்ணம் பூசிய ஒருவர் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தார் என்பதே அவர் நாடகத்துக்கு ஈட்டிக் கொடுத்த பெருமைகளுட் பெரிது.

இனி, அவர் வாழ்வின் பிற்பகுதிக்கு வருவோம். 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் காளிதாஸ் என்னும் பேசும்படம் சென்னையில் வெளிவந்தது. அதன்பின் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரைக் கொட்டகைகளாக மாறின. படமெடுப்போர் புதுக்கதைகளைத் தேடி அலையவில்லை. மேடையில் நடந்துகொண்டிருந்த நாடகத்தை அப்படியே படக்கருவிக்கு முன் நடத்தினர். கருவி ஓரிடத்தில் நிற்கும். நடிகர் மேடையில் நிற்பது போலவே வரிசையாக நின்று நடிப்பர். ஒலியும் அப்போதே பதிவாக வேண்டுமாதலால், பக்கவாத்தியக்காரர் படத்தில் விழாதவாறு மறைந்திருந்து வாசிப்பர், நடிகரே பாடுவர். இன்று போல் ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பாடும் வசதி அன்று இல்லை. ஆகவே பாடத் தெரிந்தவரே நடிகர். 1934-இல் தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் தோன்றிய பவளக்கொடியில் ஐம்பது பாட்டுக்கள் இருந்தன என்பர்.

முதலியாரின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக எந்தப் பாட்டின் ஆட்சியை எதிர்த்து அவர் உரைநடையை மேடையில் நிறுத்தினாரோ, அந்தப் பாட்டே பேசும்படம் என்னும் பெயரோடு மறுபடியும் அரியணை ஏறிற்று. பெயரளவிற் பேசும்படம்; உண்மையிற் பாடும்படம். அவர் இப்புதுக்கலையை வெறுத்து ஒதுங்கினாரல்லர். அறுபது வயதுக்குமேல் அதனைக் கற்க முற்பட்டார். தமிழ்ப் பேசும்படங்களைப் பற்றியும் தம் பட அனுபவங்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். முதியவர் ஒருவர் தம் கலையை விழுங்க வந்த புதுக்கலையை ஆராய்ந்து எழுதும் நிதானம் போற்றத்தக்கது.

1936-ஆம் ஆண்டில் மனோகரா படமாயிற்று. வி. ஏ. செல்லப்பா மனோகரனாக நடித்தார். மன்னன் புருஷோத்தமனாக நடித்தவர் யார்? சம்பந்த முதலியாரே. இருபத்திரண்டாம் வயதில் சங்கிலியை அறுத்து அரியணை நோக்கிப் பாய்ந்த இளவரசர், அறுபத்துமூன்றாம் வயதில் அதே அரியணையில் அமர்ந்து, மற்றோர் இளைஞனுக்குச் சங்கிலி பூட்டச் செய்யும் தந்தையாக நடித்தார். ஒரே கதையின் இரு முனைகளிலும் நின்று பார்க்கும் வாய்ப்பு எத்துணை நாடகாசிரியர்க்குக் கிட்டும்? ஆயினும் அப்படம் மக்களைக் கவரவில்லை. பாட்டுக்கள் சுவைபட அமையாமையே அதற்குக் காரணம் என்று படவரலாறு எழுதினோர் கூறுவர். அது மெய்யாயின், அவருடைய கொள்கைக்குக் கிடைத்த தண்டனை என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

மாறாக, நகைச்சுவை நாடகங்கள் அவரைக் கைவிடவில்லை. அரிச்சந்திரன் பொய்யே பேசாதவன் என்பது நாம் அறிந்த கதை. அதனைத் தலைகீழாகப் புரட்டி, மெய்யே பேசாத ஒருவனைக் கதைத்தலைவனாக வைத்துச் சந்திரஹரி என்னும் நாடகத்தை முதலியார் எழுதியிருந்தார். 1941-இல் என். எஸ். கிருஷ்ணன் அதனைத் திரையில் நடித்தார். அதே ஆண்டு டிசம்பரில், ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய சபாபதி வெளிவந்தது. யுத்தத்தால் நாடு கலங்கியிருந்த அந்நாளில் மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர்.

சபாபதியின் கதை என்று சொல்ல அதிகம் இல்லை. செல்வக் குடியிற் பிறந்து தேர்வில் தோற்கும் ஒரு சபாபதி. அவனுக்கு ஏவலாளாக வந்து வாய்த்த, அவனினும் மூடனாகிய மற்றொரு சபாபதி. எசமானன் இட்ட கட்டளையின் கருத்தை விட்டுச் சொல்லை மட்டும் பற்றிக்கொள்ளும் ஏவலாளன் செய்யும் குழப்பங்களே படம். டி. ஆர். இராமச்சந்திரன் விழிகளை உருட்டி எசமானனாக நடித்தார், காளி என். ரத்தினம் ஏவலாளனாக நடித்தார். இப்படத்தில் கே. சாரங்கபாணி நடித்த தமிழ்ப் பண்டிதர் படும் பாட்டைத் தமிழ் சிறப்புப் பாடம் எடுத்திருக்கும் எம்போலியர் முழு மகிழ்ச்சியோடு கண்டுவிட முடியாது. எனினும் சிரிக்காமலும் இருக்க முடியாது.

இப்படம் நின்றதற்குக் காரணம் என்னவென்று ஆராய்ந்தால் முதலியாரின் தமிழைப் பற்றி ஓர் உண்மை விளங்கும். அவருடைய அரச நாடகங்களின் நடை வடசொற்கள் நிறைந்தது. அரசியர் தம் கணவரைப் பிராணநாதா என்று விளிப்பர். ஒவ்வொருவரும் ஏட்டிலிருந்து படிப்பது போலப் பேசுவர். உரைநடை என்றாலும் அது மாந்தர் வழங்கும் உரையன்று. அந்நாளைய புத்தகங்களின் உரை. நகைச்சுவை நாடகங்களிலோ சென்னை நகரத்து வீடுகளிற் கேட்கும் பேச்சே மேடைக்கு வந்தது. வீட்டுப் பேச்சு மூப்பதில்லை. மனோகரனின் வாக்கியங்களைப் படிக்கும்போது நூற்றாண்டின் தூசி கையில் ஒட்டுகின்றது. சபாபதியில் அது இல்லை. நாடக உலகில் முதலியாரைப் போற்றுவோர் மனோகரனையே முதலில் வைப்பர். எழுத்தை மட்டும் வைத்து நோக்கின், யான் சபாபதியையே முதலில் வைப்பேன்.

வேதாள உலகம் என்னும் நாடகம் 1948-இல் ஏ. வி. எம். நிறுவனத்தாராற் படமாக்கப்பட்டது. டி. ஆர். மகாலிங்கம் அதில் நடித்தார். மாயக்காட்சிகளும் ஆடல்பாடல்களும் மலிந்த அப்படத்தைப் பற்றி வேறு சொல்ல வேண்டுவதில்லை.

மனோகரன் மட்டும் இன்னும் காத்திருந்தான். 1954-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜூபிடர் நிறுவனத்தார் தயாரித்த மனோகரா, எல். வி. பிரசாத்தின் இயக்கத்தில் வெளிவந்தது. மனோகரனாகத் தோன்றியவர் சிவாஜி கணேசன். அவர் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ந்து வளர்ந்தவர். மேடையில் இதே நாடகத்தில் நடித்துப் பழகியவர். கண்ணாம்பா பத்மாவதியாகவும், டி. ஆர். இராஜகுமாரி வசந்தசேனையாகவும் நடித்தனர். திரைக்கதையும் உரையாடலும் எழுதியவர், பின்னாளில் 1969-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரான மு. கருணாநிதி.

இப்படத்தில் பாட்டுக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மக்கள் மனப்பாடம் செய்தது பாட்டையன்று, பேச்சை. அரசவையில் சங்கிலியோடு நின்று மனோகரன் பேசும் நெடும்பேச்சைச் சிறுவர் முதல் முதியோர் வரை சொல்லித் திரிந்தனர். பள்ளி ஆண்டு விழாக்களில் அட்டைக் கிரீடமும் காகிதச் சங்கிலியும் அணிந்து அதனைப் பேசாத சிறுவன் இல்லை என்னும்படி ஆயிற்று. அத்தகைய விழா ஒன்றில் சங்கிலி அறுக்கும் முன்னரே தானாக அவிழ்ந்து விழ, மனோகரன் அதனைக் குனிந்து எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்ட காட்சியை யானே கண்டிருக்கின்றேன். முதலியார் அறுபது ஆண்டுகளுக்கு முன் விரும்பியது இதுவே: பாட்டின் துணையின்றிப் பேச்சே கொட்டகையை அதிரச் செய்தல். அவ்விருப்பம் அவருடைய சொந்தக் கதையின் வாயிலாகவே, அவர் உயிரோடிருக்கும்போதே நிறைவேறிற்று. ஆனால் அப்பேச்சில் அவருடைய சொற்கள் இல்லை. எதுகையும் மோனையும் அடுக்கி அலையலையாய் எழும் அந்நடை கருணாநிதியுடையது. அந்நாளில் எழுச்சி பெற்றிருந்த ஓர் அரசியல் இயக்கத்தின் குரலும் அதில் ஒலித்தது.

தாயின் பாத்திரத்திலும் மாற்றம் நேர்ந்தது. முதலியாரின் பத்மாவதி தடுப்பவள். அவள் சொல்லே மகனுக்கு இரும்பினும் வலிய சங்கிலி. திரையில் வந்த பத்மாவதியும் நெடுநேரம் தடுக்கின்றாள். ஆனால் முடிவில், பொறுமைக்கு எல்லை வந்த வேளையில், பொங்கி எழுமாறு மகனை ஏவுபவளும் அவளே. கொட்டகையில் எழுந்த பெரிய ஆரவாரம் அந்த ஏவலுக்கே. 1895-இல் மக்கள் பொறுக்கும் தாயைக் கண்டு கண்ணீர் விட்டனர். விடுதலைக்குப் பின் வந்தவர்கள் விலங்கை அறுக்கச் சொல்லும் தாயைக் கண்டு கைதட்டினர்.

இதனால் மூலநாடகம் சிதைந்தது என்று குறை கூறுவோர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. முதலியாரே ஷேக்ஸ்பியரிடமிருந்து எடுத்தபோது பெயரையும் நாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர். தாம் பிறர்க்குச் செய்ததைப் பிறர் தமக்குச் செய்யக் கண்டு அவர்க்கு வியப்பு உண்டாயிருக்க நியாயமில்லை. படம் நாடகத்தின் சட்டகத்தை அப்படியே காத்தது: அதே அரசவை, அதே சங்கிலி, அதே தாயும் மகனும். அச்சட்டகம் வலிமையற்றதாயின் எத்துணை அழகிய சொற்களையும் தாங்கியிராது. எனக்குள்ள வருத்தம் வேறு. படத்தின் உரையாடல் புத்தகமாக வெளிவந்து வீடுதோறும் இருந்தது. அப்போதே மூலநாடகத்தைத் தேடிப் படிப்போர் அருகிவிட்டனர். மனோகரனை இயற்றியவர் யார் என்று கேட்டால், கருணாநிதி என்று விடை சொல்பவரே இன்று மிகுதி. தம் நாடகத்தைப் பிறர் இசைவின்றி ஆடக்கூடாதென்று காவல் செய்த வழக்கறிஞரின் பெயர், இசைவு பெற்று எடுத்த படத்தாலேயே மறைந்துபோயிற்று.

முதலியார் நாடகமேடை நினைவுகள் என்னும் நூலை ஆறு பாகங்களாக எழுதியிருக்கின்றார். அவருடைய நாடகங்கள் யாவற்றினும் அதுவே இன்று படிப்பதற்குச் சுவையானது என்பது என் எண்ணம். எந்த நாளில் எத்தனை பேர் வந்தனர், யார் ஒத்திகைக்கு நேரங்கழித்து வந்தார், யாருடைய மீசை மேடையில் கழன்று விழுந்தது என்பன போன்ற சிறு செய்திகளையும் ஒரு நீதிபதியின் ஒழுங்கோடு எழுதுகின்றார். தம் வெற்றியைப் போலவே தம் தோல்வியையும் மறையாமற் கூறுகின்றார். அலங்காரம் ஒன்றும் இல்லாத அந்நடையைப் பார்க்கும்போது, இதே நடையில் அரசரையும் அரசியரையும் பேச வைத்திருந்தால் பிற்காலத்தார்க்கு வேறு உரையாடல் எழுத வேண்டிய தேவையே வந்திராதே என்று தோன்றுகின்றது.

இந்திய அரசாங்கம் 1959-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அப்போது அவர்க்கு வயது எண்பத்தாறு. 2002-ஆம் ஆண்டில் அவர் பெயரை ஒட்டிய தலைப்போடு ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. என் வயதினர் பலர் பம்மல் சம்பந்தம் என்றவுடன் அப்படத்தையே நினைக்கின்றனர். சபாபதியை எழுதியவர்க்கு அதில் மனத்தாங்கல் இருந்திராது. அவர் தோற்றுவித்த சுகுண விலாச சபை, சென்னை அண்ணா சாலையில் ஒரு மனமகிழ் மன்றமாக நிலைத்தது. நாடகம் அங்கிருந்து விடைபெற்று நெடுநாளாயிற்று. முதலியார் 1964-ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். அவர் காலமானபோது, மனோகரன் முதன்முதல் மேடையில் சங்கிலியை அறுத்து அறுபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.